யாருடைய லோக்கல்ஹோஸ்ட்? விண்டோஸுக்குள் இருக்கும் லினக்ஸிலிருந்து எஸ்எஸ்எச் டனல்

கேரள அரசுப் பள்ளிகளில் படித்து வந்தவர்களுக்கு லினக்ஸ் புதிதல்ல. 2001-02இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் 2017இல் கைட் என்ற அரசு நிறுவனமாக வளர்ந்தது. இன்றும் பள்ளிக் கணினிகளில் ஓடுவது உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட கட்டற்ற இயங்குதளம்தான். ஐ.சி.டி. பாடநூல்கள் மலையாளம், ஆங்கிலத்தோடு தமிழிலும் கன்னடத்திலும் வருகின்றன. ஆகவே பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி பக்கத்திலும், இடுக்கியின் மூணாறு, மறையூர், வட்டவடைப் பக்கத்திலும் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள் லினக்ஸ் திரையைப் பள்ளியிலேயே பார்த்துப் பழகிவிடுகிறார்கள்.

கல்லூரிக்கென்று வாங்கும் மடிக்கணினியிலோ பெரும்பாலும் விண்டோஸ்தான் வருகிறது. அதை அழித்துவிட்டு லினக்ஸ் போட வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள். டபிள்யூஎஸ்எல் கைகொடுப்பது இங்கேதான்: விண்டோஸை விடாமல், அதற்குள்ளேயே ஓர் உபுண்டு. மூணாறு பொறியியல் கல்லூரியில் சேர்ந்தாலும், 2015இல் தொடங்கிய பாலக்காடு ஐ.ஐ.டி.யில் சேர்ந்தாலும், தினமும் வாளையாறு தாண்டிக் கோவைக்கு வேலைக்குப் போனாலும், ஒரு கட்டத்தில் இப்படி ஒரு தேவை வந்துவிடும்: எங்கோ ஒரு சர்வரில், வெளியுலகுக்குக் கதவடைத்துக்கொண்டு ஓடும் டேட்டாபேஸையோ ஜூப்பிட்டர் நோட்புக்கையோ தன் மேசையிலிருந்தே திறக்க வேண்டும். அதற்கு வழி எஸ்எஸ்எச் போர்ட் ஃபார்வர்டிங். டனல் போட்டாயிற்று, கடவுச்சொல்லையும் ஏற்றுக்கொண்டது, ஆனால் பிரவுசரில் ஒன்றும் வரவில்லை. இந்தக் கட்டுரை அந்தப் புகாரைப் பற்றியது.

இந்தக் கேரள, தமிழ்நாட்டு எல்லைப்பகுதியில் இப்படி ஆனதும் பழி முதலில் விழுவது ரேஞ்சின் மேல். மலையில் சிக்னல் சரியில்லை, ஃபைபர் அறுந்திருக்கும், கம்பெனிக்காரன் போர்ட்டை அடைத்துவிட்டான் என்பார்கள். இவற்றில் உண்மையும் உண்டு, பிறகு வருகிறேன். ஆனால் எஸ்எஸ்எச்சில் லாகின் ஆகிவிட்டது என்றால் ரேஞ்ச் தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது என்று பொருள். அதற்குப் பிறகும் டனல் வேலை செய்யாவிட்டால், கோளாறு பெரும்பாலும் எந்த இயந்திரத்தில் நின்றுகொண்டு எந்த முகவரியைச் சொல்கிறோம் என்பதில்தான் இருக்கும். இதைக் கண்டுபிடிக்க வேகமான இணைப்பு தேவையில்லை, சரியான வரிசையில் கேள்வி கேட்டால் போதும்.

எஸ்எஸ்எச் பிறந்தது 1995இல். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டுத் திருடியதைத் தொடர்ந்து, அங்கே இருந்த தாத்து இலோனன் அதை எழுதினார். எஃப்.டி.பி.யின் 21க்கும் டெல்நெட்டின் 23க்கும் நடுவே காலியாக இருந்த 22ஆம் போர்ட்டைக் கேட்டு வாங்கினார். 1999இல் ஓபன்பிஎஸ்டி குழுவினர் வெளியிட்ட ஓபன்எஸ்எஸ்எச் இன்று ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஓடுகிறது. ஒரே மறைகுறி இணைப்புக்குள் பல சேனல்களை ஓட்டலாம் என்பது அதன் அடிப்படை. நாம் தட்டும் ஷெல் ஒரு சேனல், ஃபார்வர்ட் ஆகும் ஒவ்வொரு இணைப்பும் தனித்தனி சேனல். 2006இல் வந்த ஆர்.எஃப்.சி. 4254 இதைத்தான் வரையறுக்கிறது. ஷெல் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபார்வர்டிங் மட்டும் தோற்றுப்போவதற்கு இந்த அமைப்பே காரணம். ஒரு சேனல் திறந்துவிட்டது என்பதற்காக இன்னொன்றும் திறக்க வேண்டுமென்பதில்லை.

மைனஸ் எல் என்றால் நம் பக்கத்தில் ஒரு போர்ட் திறந்து, அதில் வருவது சர்வர் பக்கம் போய் இறங்கும். மைனஸ் ஆர் அதற்கு எதிர்த்திசை: சர்வரில் போர்ட் திறக்கும், நம் பக்கம் வந்து இறங்கும். மைனஸ் டி ஒரு சாக்ஸ் பிராக்ஸியைத் தரும். பலரும் சறுக்குவது முதலாவதில், நடுவே வரும் பெயரில். 8080, லோக்கல்ஹோஸ்ட், 5432 என்று மூன்றையும் கோலனால் சேர்த்து எழுதும்போது அந்த லோக்கல்ஹோஸ்ட் நம்முடையதல்ல, சர்வருடையது. அந்தப் பெயருக்கு முகவரி தேடுவதும் சர்வர்தான். மைனஸ் ஆரில் அதே இடத்தில் வரும் லோக்கல்ஹோஸ்ட் நம் பக்கத்தைக் குறிக்கும். எஸ்டேட் லயத்தில் பத்து வீட்டுக்காரர்களும் "நம்ம வீடு" என்றுதான் சொல்வார்கள். எந்த வீடு என்பது பேசுகிறவரைப் பொறுத்தது. லோக்கல்ஹோஸ்டும் அப்படித்தான்.

சாதாரண லினக்ஸ் மடிக்கணினியில் இப்படிச் சொல்கிறவர் இருவர்: நாம், சர்வர். டபிள்யூஎஸ்எல் வந்ததும் மூவராகிவிடுகிறார்கள்.

2016இல் வந்த முதல் டபிள்யூஎஸ்எல்லில் இந்தச் சிக்கல் இல்லை. அதில் தனி லினக்ஸ் கெர்னல் கிடையாது, லினக்ஸ் புரோகிராம்கள் கேட்பதை விண்டோஸ் கெர்னலே மொழிபெயர்த்துச் செய்துகொடுத்தது. நெட்வொர்க்கும் விண்டோஸுடையதே என்பதால் லோக்கல்ஹோஸ்ட் இரண்டுக்கும் பொதுவாக இருந்தது. 2019இல் அறிவிக்கப்பட்டு 2020இல் விண்டோஸ் 10இன் 2004 பதிப்போடு வந்த டபிள்யூஎஸ்எல் 2 இதை மாற்றியது. அது ஹைப்பர்-வி மேல் ஓடும் ஒரு சிறிய மெய்நிகர் கணினி. உண்மையான லினக்ஸ் கெர்னல், நல்ல வேகம், டாக்கர் ஓடும். ஆனால் அதற்கு 172இல் தொடங்கும் தனி முகவரி. விண்டோஸுக்குப் பின்னால், என்ஏடி என்ற முகவரி மாற்றியின் மறைவில் உட்கார்ந்திருக்கும். மறுபடி தொடங்கினால் அந்த முகவரியும் மாறக்கூடும். முதல் பதிப்பின் காலத்தில் எழுதிய குறிப்பைப் பார்த்து இரண்டாம் பதிப்பில் செய்துவிட்டு வரவில்லையே என்று தவிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எனவே முதலில் பார்க்க வேண்டியது நம்மிடம் இருப்பது எந்தப் பதிப்பு என்பதை. டபிள்யூஎஸ்எல் மைனஸ் எல் மைனஸ் வி என்று பவர்ஷெல்லில் தட்டினால் தெரிந்துவிடும்.

இரண்டாம் பதிப்பிலும் மைக்ரோசாஃப்ட் ஒரு பாலம் போட்டிருக்கிறது. லினக்ஸுக்குள் ஏதாவது ஒரு போர்ட் 127.0.0.1இலோ எல்லா முகவரிகளிலுமோ காத்திருந்தால், விண்டோஸ் பக்கத்திலும் அதே எண்ணை லோக்கல்ஹோஸ்டில் திறந்துவைக்கும். டபிள்யூஎஸ்எல்லில் போட்ட மைனஸ் எல் டனலை விண்டோஸ் குரோமில் திறக்க முடிவது இதனால்தான். ஆனால் பாலம் ஒருவழி. விண்டோஸிலிருந்து லினக்ஸுக்குப் போகலாம், லினக்ஸில் நின்று லோக்கல்ஹோஸ்ட் என்றால் விண்டோஸ் கிடைக்காது. லேப்டாப்பை மூடித் தூங்கவைத்து எழுப்பிய பிறகு இந்தப் பாலம் சிலசமயம் சத்தமில்லாமல் செத்துவிடுவதும் உண்டு. லினக்ஸுக்குள் எல்லாம் சரியாக இருக்க, விண்டோஸ் பிரவுசர் மட்டும் திறக்காது. டபிள்யூஎஸ்எல் ஷட்டவுன் கட்டளையைக் கொடுத்து மீண்டும் தொடங்கினால் சரியாகும். அதற்கு முன் விண்டோஸின் ஃபயர்வாலை அணைப்பது, ஆன்ட்டிவைரஸை நீக்குவது எல்லாம் வீண்வேலை, ஆபத்தும் கூட.

ஆராயும் வரிசைக்கு வருகிறேன். நான் எப்போதும் தூரத்து முனையிலிருந்து தொடங்கச் சொல்வேன், ஏனெனில் பெரும்பாலோர் பிரவுசரில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். சர்வருக்குள் லாகின் செய்து, அங்கேயே கர்ல் கட்டளையால் அந்தச் சேவையைக் கூப்பிட்டுப் பாருங்கள். அங்கேயே பதில் வராவிட்டால் டனலைக் குறை சொல்லிப் பயனில்லை. எஸ்எஸ் என்ற கட்டளை எந்தப் போர்ட்டில், எந்த முகவரியில் யார் காத்திருக்கிறார்கள் என்று காட்டும். கல்லூரி லேபின் பொது சர்வரில் இது மிக முக்கியம். ஜூப்பிட்டர் வழக்கமாக 8888ஐ எடுக்கும், அது ஏற்கெனவே பிடிபட்டிருந்தால் அடுத்து 8889க்கு நகர்ந்துவிடும். நீங்கள் 8888க்கு டனல் போட்டால் பக்கத்து மாணவரின் நோட்புக் வாசலில் போய் நிற்பீர்கள். அது டோக்கன் கேட்கும், உங்கள் டோக்கன் செல்லாது, டனலில்தான் கோளாறு என்று நினைத்துக்கொள்வீர்கள்.

முகவரியிலும் ஒரு கண்ணி இருக்கிறது. லோக்கல்ஹோஸ்ட் என்ற பெயருக்கு 127.0.0.1, ஐபிவி6இன் ::1 என இரண்டு முகவரிகள் உண்டு. 2021இல் வந்த நோட்.ஜேஎஸ் 17இலிருந்து, பெயர்த் தேடலில் எது முதலில் வருகிறதோ அதையே அது எடுத்துக்கொள்கிறது. அதனால் சில டெவலப்மென்ட் சர்வர்கள் ::1இல் மட்டும் உட்கார்ந்துவிடும், 127.0.0.1க்குப் போகும் டனல் அங்கே மோதித் திரும்பும். கட்டளையில் பெயரை எழுதாமல் எண்ணையே எழுதுவது நல்ல பழக்கம்.

சர்வரில் சரி என்றால் அடுத்தது டபிள்யூஎஸ்எல். எஸ்எஸ்எச்சோடு மைனஸ் வி சேர்த்து ஓட்டுங்கள், அது செய்வதையெல்லாம் சொல்லிக்கொண்டே வரும். உள்ளூர்ப் போர்ட்டில் காத்திருக்கிறேன் என்ற வரி வந்ததா என்று பாருங்கள். பிறகு இன்னொரு லினக்ஸ் டெர்மினலிலிருந்து அதே போர்ட்டை கர்லால் கூப்பிடுங்கள். அங்கே பதில் வந்து, விண்டோஸில் மட்டும் வராவிட்டால் கோளாறு பாலத்தில்.

தோல்வி வருகிற விதமே இடத்தைக் காட்டிக்கொடுக்கும். பிரவுசர் உடனே கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட் என்றால் நம் பக்கத்தில் போர்ட்டே திறக்கவில்லை. இணைப்பு ஏற்கப்பட்டு, ஒன்றும் வராமல் அறுந்தால் நம் பக்கம் சரி, சர்வரிலோ அதற்கு அப்பாலோ தவறு. அப்போது எஸ்எஸ்எச் ஓடும் டெர்மினலில் ஒரு வரி வந்திருக்கும். சேனல் திறக்கவில்லை, கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்ட் என்றிருந்தால் சர்வர் முயன்றது, அந்த முகவரியில் ஆளில்லை. அட்மினிஸ்ட்ரேட்டிவ்லி ப்ரோஹிபிடட் என்றிருந்தால் சர்வரின் அமைப்புக் கோப்பில் ஃபார்வர்டிங் தடுக்கப்பட்டிருக்கிறது. நம் பக்கம் எதை மாற்றினாலும் அது நகராது, நிர்வாகியிடம்தான் கேட்க வேண்டும். அட்ரஸ் ஆல்ரெடி இன் யூஸ் என்பது நம் பக்கத்துச் சண்டை. பழைய டனல் ஒன்று பின்னணியில் உயிரோடிருக்கலாம், அல்லது விஎஸ் கோடு தானாகவே அந்தப் போர்ட்டை ஃபார்வர்ட் செய்து பிடித்து வைத்திருக்கலாம்.

விண்டோஸின் சொந்த எஸ்எஸ்எச்சில் பெர்மிஷன் டினைட் என்று ஒரு பதில் வரும், பலரையும் குழப்பும். அந்தப் போர்ட்டில் யாரும் இருக்க மாட்டார்கள், ஆனாலும் திறக்க விடாது. ஹைப்பர்-வி தனக்கென்று சில போர்ட் வரிசைகளை ஒதுக்கி வைத்துக்கொள்வதால் வருவது அது. நெட்ஷ் கட்டளையில் விலக்கப்பட்ட போர்ட் வரிசைகளைக் கேட்டால் பட்டியல் தரும். அதில் இல்லாத எண்ணுக்கு மாறிவிடுவதே எளிது.

லாகின் கட்டத்திலேயே தடுக்கும் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சாவிக் கோப்பை விண்டோஸின் சி டிரைவில் வைத்துக்கொண்டு டபிள்யூஎஸ்எல்லிலிருந்து பயன்படுத்தினால், அந்தக் கோப்பு எல்லோருக்கும் திறந்திருப்பதாக லினக்ஸுக்குத் தெரியும், எஸ்எஸ்எச் அதைத் தொட மறுக்கும். லினக்ஸ் ஹோம் ஃபோல்டருக்கு நகலெடுத்து அனுமதியை 600 ஆக்குவதே தீர்வு. இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி எஸ்எஸ்எச், தனித்தனி அமைப்புக் கோப்பு, தனித்தனி ஏஜென்ட் என்பதும் மறந்துபோகும். ஒன்றில் எழுதிய ஃபார்வர்ட் வரியை மற்றது படிக்காது.

இனி ரேஞ்சுக்கு வருவோம், எல்லைக்காரர்களுக்கு இது நிஜமான பாதி. நம் மொபைல் சிம்களிலும் பல வீட்டு இணைப்புகளிலும் சொந்தப் பொது ஐபிவி4 முகவரி கிடையாது. பலருக்கும் ஒரே முகவரியைப் பங்கிடும் சிஜிநாட் ஏற்பாடு அது. இதற்கென்றே 2012இல் 100.64இல் தொடங்கும் முகவரித் தொகுதி ஒதுக்கப்பட்டது. வீட்டு ரவுட்டரின் டபிள்யூஏஎன் பக்கத்தில் 100.64 முதல் 100.127 வரை ஏதாவது இருந்தால், ரவுட்டரில் எத்தனை போர்ட் ஃபார்வர்ட் செய்தாலும் வெளியிலிருந்து யாரும் வந்து சேர மாட்டார்கள். கோவையில் இருந்துகொண்டு கொழிஞ்சாம்பாறை வீட்டுக் கணினியைத் தொட வேண்டுமென்றால், வீட்டுக் கணினி வெளியே உள்ள ஒரு வாடகை சர்வருக்கு மைனஸ் ஆர் டனல் போட்டுக் காத்திருக்க வேண்டும்.

அங்கேதான் டபிள்யூஎஸ்எல் இரண்டாம் முறை காலை வாரும். மைனஸ் ஆரில் நாம் எழுதும் லோக்கல்ஹோஸ்ட் லினக்ஸைக் குறிக்கும், சேவையோ விண்டோஸில் ஓடிக்கொண்டிருக்கும். என்ஏடி முறையில் இருந்தால் லோக்கல்ஹோஸ்டுக்குப் பதில் விண்டோஸின் முகவரியை எழுத வேண்டும். லினக்ஸில் ஐபி ரூட் கட்டளை டீஃபால்ட் என்று காட்டும் முகவரிதான் அது. விண்டோஸ் சேவை அந்த முகவரியில் காத்திருக்கவும் வேண்டும், ஃபயர்வால் அனுமதிக்கவும் வேண்டும். சர்வர் முனையிலும் ஒரு தடை உண்டு. மைனஸ் ஆர் திறக்கும் போர்ட், கேட்வேபோர்ட்ஸ் என்ற அமைப்பை மாற்றாத வரை, சர்வரின் உள்ளேயிருந்து மட்டுமே தெரியும். இது குறையல்ல, நல்ல பாதுகாப்பு. சர்வருக்குள் போய் அங்கிருந்து நுழைந்துகொள்ளலாம்.

போடிமெட்டு, குமுளி, கம்பம்மெட்டு, இந்தப் பக்கம் வாளையாறு, கோவிந்தாபுரம் என்று எல்லையில் எங்கு நின்றாலும் ஃபோன் ஒருமுறை கேரளக் கோபுரத்தையும் மறுமுறை தமிழ்நாட்டுக் கோபுரத்தையும் பிடிக்கும். இரண்டும் தனித்தனித் தொலைத்தொடர்பு வட்டங்கள். ஹாட்ஸ்பாட் போட்டுப் பேருந்தில் போகையில் முகவரி மாறினால் டிசிபி இணைப்பு அங்கேயே முடிந்தது. இதற்கு எஸ்எஸ்எச்சுக்குள் மருந்தில்லை, மறுபடி இணைவதுதான். 2012இல் எம்.ஐ.டி.யிலிருந்து வந்த மோஷ் முகவரி மாற்றத்தைத் தாங்கும் என்று பலரும் பரிந்துரைப்பார்கள். அது தாங்குவது ஷெல்லை மட்டும், போர்ட் ஃபார்வர்டிங் அதில் இல்லை. ஆட்டோஎஸ்எஸ்எச் போன்ற மறுஇணைப்புக் கருவிதான் இங்கே உதவும்.

நகராமல் வீட்டில் இருந்தாலும், சும்மா இருக்கும் இணைப்பை இடையிலுள்ள என்ஏடி மறந்துவிடும். குறைந்தது 2 மணி 4 நிமிடம் நினைவில் வைக்க வேண்டும் என்கிறது ஆர்.எஃப்.சி. 5382, ஆனால் அதை நம்பி இருக்க முடியாது. சர்வர்அலைவ்இன்டர்வெல் என்ற அமைப்பை 30 நொடி என்று வைத்தால் உயிர்த்துடிப்பு போய்க்கொண்டே இருக்கும், மூன்று முறை பதிலில்லாவிட்டால் எஸ்எஸ்எச் தானாக வெளியேறும். மைனஸ் ஆரில் அதோடு இன்னொன்றும் வேண்டும். அறுந்த பழைய இணைப்பை சர்வர் உணராதவரை போர்ட் அதன் பிடியில்தான் இருக்கும். நாம் மறுபடி இணைந்தால் லாகின் ஆகும், போர்ட் கிடைக்காது, ஓர் எச்சரிக்கை மட்டும் வந்து போகும். எக்ஸிட்ஆன்ஃபார்வர்ட்ஃபெய்லியர் அமைப்பை ஆம் என்று வைத்தால் போர்ட் கிடைக்காத டனல் நிற்காமல் விழும், ஆட்டோஎஸ்எஸ்எச் மீண்டும் முயலும். சர்வர் பக்கம் கிளையன்ட்அலைவ்இன்டர்வெல்லையும் வைத்துவிட்டால் பழைய பிடி சீக்கிரம் விடும். மழைக்காலத்தில் மின்சாரம் போய்ப் போய் வரும் தேவிகுளம் பக்கத்தில் இந்த மூன்று அமைப்புகளும் இல்லாமல் மைனஸ் ஆர் டனலை நம்ப முடியாது.

லாகினுக்கு முன்னாலேயே, சாவிப் பரிமாற்றக் கட்டத்தில் எந்தப் பிழையும் சொல்லாமல் உறைந்து நிற்பது இன்னொரு வகை. விபிஎன் வழியாகப் போகும்போது அதிகம் நேரும். சிறு பொட்டலங்கள் போகும், பெரியவை வழியில் காணாமல் போகும். டபிள்யூஎஸ்எல்லின் ஈத்0 இடைமுகத்தில் எம்டியூவை, அதாவது பொட்டலத்தின் அதிகபட்ச அளவை, 1500இலிருந்து 1400க்கோ இன்னும் கீழேயோ இறக்கிப் பார்த்தால், இதுதானா என்பது தெரிந்துவிடும்.

டனலைச் சிஸ்டம்டி சேவையாக எழுதி வைத்தால் எப்போதும் ஓடும் என்ற நம்பிக்கையும் டபிள்யூஎஸ்எல்லில் பலிக்காது. 2022இல் சிஸ்டம்டி ஆதரவு வந்தபோதே அதன் சேவைகள் டபிள்யூஎஸ்எல்லை விழித்திருக்க வைக்காது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லிவிட்டது. டெர்மினலை மூடினால் சற்று நேரத்தில் அந்த லினக்ஸ் தூங்கிவிடும், டனலும் போய்விடும்.

மாற்று வழிகளை எடைபோட்டால் என் தேர்வு இது. பிரவுசரில் ஏதோ ஒன்றைத் திறப்பது மட்டுமே தேவையென்றால் டபிள்யூஎஸ்எல்லே வேண்டாம். 2018 ஏப்ரல் அப்டேட்டிலிருந்து விண்டோஸ் 10இல் ஓபன்எஸ்எஸ்எச் கிளையன்ட் உள்ளேயே இருக்கிறது. பிரவுசர் இருக்கும் பக்கத்திலேயே டனல் போட்டால் நடுவிலுள்ள ஒரு லோக்கல்ஹோஸ்ட் குறைகிறது, பாலமும் தேவையில்லை. லினக்ஸ் கருவிகளோடு சேர்த்து வேலை செய்ய வேண்டியவர்களுக்கு, விண்டோஸ் 11இன் 22எச்2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு இருந்தால், 2023இல் வந்த மிரர்டு முறை நல்லது. விண்டோஸ் பயனர் ஃபோல்டரில் உள்ள டாட் டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக் கோப்பில் நெட்வொர்க்கிங்மோட் என்பதை மிரர்டு என்று எழுதி ஷட்டவுன் செய்தால், 127.0.0.1 இருதிசையிலும் வேலை செய்யும். ::1 மட்டும் அதில் ஆதரிக்கப்படுவதில்லை. நெட்ஷ் போர்ட்பிராக்ஸி பழைய வழி. டபிள்யூஎஸ்எல் முகவரி மாறும்போதெல்லாம் அந்த விதி செல்லாததாகிவிடும், விண்டோஸ் 10ஐ விட முடியாதவர்கள் மட்டும் அதைப் பார்க்கலாம். வீட்டுக்கும் விடுதிக்கும் இடையே நிரந்தரப் பாதை வேண்டுவோர், 2020இல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்த வயர்கார்டு விபிஎன்னின் பக்கம் போவது மேல். அது முகவரி மாற்றத்தைத் தாங்கும்.

சரிசெய்யும் அவசரத்தில் பலரும் கடைசியாகச் செய்வது 0.0.0.0இல் போர்ட்டைத் திறப்பது. அப்படித் திறந்த டனலுக்குள் விடுதி வைஃபையிலோ மூணாறு ஹோம்ஸ்டே வைஃபையிலோ இருக்கும் எவரும் நுழையலாம். மிரர்டு முறையில் லினக்ஸ் நேராக அந்த நெட்வொர்க்கிலேயே நிற்பதால், அங்கே காவல் ஹைப்பர்-வி ஃபயர்வால் மட்டும்தான். டனலின் மறுமுனையில் இருக்கும் டேட்டாபேஸ், வருவது சர்வருக்குள்ளிருந்தே வரும் இணைப்பு என்று நம்பிக் கடவுச்சொல் கூடக் கேட்காமல் இருக்கலாம். அலுவலக நெட்வொர்க்கிலிருந்து வீட்டுக்கு மைனஸ் ஆர் போடுவதற்கு எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். அது அந்த அலுவலகத்தின் ஃபயர்வாலில் நீங்கள் போடும் ஓட்டை, வேலை போகும் அளவுக்குப் போகக்கூடியது. வேலை முடிந்ததும் லினக்ஸில் எஸ்எஸ் கட்டளையாலும் விண்டோஸில் நெட்ஸ்டாட்டாலும் என்னென்ன போர்ட் இன்னும் காத்திருக்கிறது என்று பார்த்து, வேண்டாததை நிறுத்திவிட்டு மடிக்கணினியை மூடுங்கள்.